றஹீலா நடக்க வேண்டிய மூன்று கிலோமீற்றர்

9, வெள்ளி

மேற்கிலிருந்து சூடான கச்சான் காற்று. காலையிலேயே வியர்வை. ட்ரெட்மில் நின்றுவிட்டது. மனைவி றஹீலா ஏறி நாலு நிமிடம்தான், பட்டி இழுத்து இழுத்து ஓடி ஒரே வெட்டு. கைபிடியைப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மக்காவுக்கு உம்றாப் பயணம் போக இன்னும் பத்தொன்பது நாள். போன வருடம் மோட்டர் சைக்கிள் மோதி உடைந்த கணுக்கால் அவளுக்கு. தொங்கோட்டம் மட்டும் சபா, மர்வா குன்றுகளுக்கு இடையில் ஏழு தரம், முடிவது மர்வாவில், மூன்று கி.மீ.க்கு மேல். சக்கர நாற்காலி பிடிக்கலாம் என்று பயண ஏற்பாட்டாளர் சொன்னதற்கு, “என்ட காலால நடக்க ஏலாட்டி நான் வரல்ல” என்றுவிட்டாள். நேற்று வரை ஒன்றரை கி.மீ. வந்திருந்தாள். றோட்டில் நடக்கச் சொன்னால், மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டதும் கால் தானாக நின்றுவிடுகிறதாம்.

ஆத்திரத்தில் குடும்ப வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். நௌசாத் கத்தாரிலிருந்து கொண்டுவந்தது பழைய சாமான், எங்கள் தலையில் கட்டிவிட்டான் என்று. நௌசாத் றஹீலாவின் தம்பி. அனுப்பிய பிறகு நாக்கைக் கடித்தேன். எப்படி அழிப்பது என்றும் தெரியவில்லை. அவன் கேட்டுவிட்டான்.

ஜும்ஆத் தொழுகைக்கும் பிந்தினேன்.

10, சனி

பார்த்தவை:
– சுவர்ப் பிளக். கரண்ட் சரி.
– பட்டி. கையால் தள்ள ஓடுகிறது.
– வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்ட். பியூஸ் போயிருக்கிறது. புதிது போட்டேன். அதுவும் டப்.

எத்தனை தறி மோட்டரைக் கழற்றியவன் நான், இது என்ன பெரிய கொம்பா என்று நினைத்தேன். கொம்புதான்.

இன்னொரு பியூஸ் போட்டு, மோட்டர் வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு குண்டு பல்பைக் கட்டினேன். வேகம் பூச்சியத்தில் நிற்கும்போதே பல்பு முழு வெளிச்சம். அதாவது போர்ட் தடுக்காமல் எல்லாக் கரண்டையும் மோட்டருக்குத் திறந்துவிடுகிறது. றஹீலா மேலே நிற்கும்போது பியூஸ் போகாமல் இருந்திருந்தால்? பட்டி முழு வேகத்தில் பாய்ந்திருக்கும்.

நௌசாத்துக்கு ஒரு போன் கோல் எடுக்கச் சொன்னாள் றஹீலா. நான் எடுக்கவில்லை.

12, திங்கள்

கல்முனை பஸாரில் போர்ட் திருத்தும் அந்தோனியிடம். எரிந்திருந்த ட்ரான்சிஸ்டரை அரை மணித்தியாலத்தில் மாற்றித் தந்தார். அண்ணன் முறை வைத்து, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “காக்கா, போர்ட் தானாச் சாகல்ல. மோட்டர்தான் சாகடிச்சிரிக்கி. அதத் திறந்து பாக்காம இதப் பூட்டினீங்கெண்டா, ரெண்டு நாளையில மறுகாவும் இஞ்சதான் வருவீங்க.”

வரும் வழியில் றஹீலாவுக்குச் செருப்பு. அளவு பிழை. மாற்ற வேண்டும்.

13, செவ்வாய்

மோட்டரைத் திறந்தேன். உள்ளே கரண்டைக் கடத்தும் காபன் பிரஷ் இரண்டையும் சுற்றிக் கறுப்புச் சேறு. விரலில் எடுத்து மணந்து பார்த்தேன். தறி எண்ணெய். என்னுடைய எண்ணெய்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளிக்கமுன் எண்ணெய்க் குப்பியோடு தறிகளைச் சுற்றி வருவது மருதமுனையில் தறிக்காரர் எல்லாருக்கும் பழக்கம். சுற்றுகிற எதைக் கண்டாலும் கை இரண்டு சொட்டு விட்டுவிடும். தையல் மெசின், கேற் பிணைச்சல், மேசை விசிறி. இந்த மோட்டருக்கும் நாலு வெள்ளி விட்டிருக்கிறேன், நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில். அதில் தறிக் கொட்டில் பஞ்சுத் தூசி வந்து ஒட்டி, கரியோடு குழைந்து, மோட்டர் அளவுக்கு மேல் கரண்டை இழுத்து, கடைசியில் போர்ட் போயிருக்கிறது. நௌசாத்தின் மெசின் தங்கம். பழையது என் மூளை.

ஸ்பிரிட்டில் துடைத்தேன். பிரஷ் இரண்டும் புதிது. வாகனப் பற்றரியில் கொடுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. சந்தோசமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

செருப்பு மாற்றியாயிற்று.

15, வியாழன்

மோட்டரையும் போர்ட்டையும் திரும்பப் பூட்டி, ஆள் ஏறாமல் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். சூடில்லை. பிறகு றஹீலா அரை கி.மீ., மெல்ல மெல்ல.

பயணம் போகமுன் வீடு வீடாய்ப் போய், செய்த பிழைகளுக்குப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும். பட்டியல் எழுதினேன். நௌசாத் பெயர் ஆகக் கடைசியில். வெட்டிவிட்டு முதலாவதாக எழுதினேன். அஸர்த் தொழுகைக்குப் பிறகு போனேன்.

“பிழை என்னில மச்சான். எண்ணெய் விட்டது நான்தான். பொருந்திக்க.”

வட்ஸ்அப்பில் சொன்னதை வட்ஸ்அப்பிலேயே திருத்தச் சொன்னான். நியாயம்தான். அவன் முன்னாலேயே சொல்லி அனுப்பினேன். தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் வந்தன. இரண்டு துண்டு தின்றேன்.

25, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. பெட்டி இன்னும் கட்டவில்லை. பட்டியலில் இருந்த வீடெல்லாம் முடிந்தது.

றஹீலா ஏறினாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, நிறுத்தும் கயிற்றைக் கையில் பிடித்தபடி. இரண்டு கி.மீ. இரண்டரை. முகமெல்லாம் வேர்வை, கால் மட்டும் ஒரே சீராக. ஊரெல்லாம் பொருத்தம் கேட்டுத் திரிந்தேன், விழப் பார்த்தவளிடம் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

“உன்னட்ட நான் இன்னும் பொருத்தம் கேக்கல்ல றஹீலா. அண்டைக்கு நீ விழுந்திரிந்தா...”

“நடக்கக்குள்ள கதைக்க வெக்காதீங்க. ஏழாவது சுத்து முடிய, மர்வாவில வெச்சுச் சொல்றன்.”

திரையில் 3.2 கி.மீ. இன்னும் இறங்கவில்லை.