லிஃப்ட் கதவு மூடும் வேகம்

மகனுக்கு,

அன்புள்ள என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை பேனா அந்த வார்த்தைப் பக்கமே வரமாட்டேன் என்கிறது, விட்டுவிட்டேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்றால், போனில் நான் எதைச் சொன்னாலும் நீ கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று சொன்னேன், அதற்கும் கட்டைவிரல். எதிர்வீட்டுக்காரர் இறந்துபோனார் என்று சொன்னேன், அதற்கும் கட்டைவிரல். காகிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது, உட்கார்ந்து பிரித்துத்தான் ஆக வேண்டும். மருமகளுக்குக் காட்டாதே என்று கெஞ்ச மாட்டேன், தாராளமாகக் காட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கடையிலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைத் தூசி தட்டி இணையத்தில் விற்கிற உன் கடைதான், நீ ஏதோ ஒரு பிரிவுக்குத் தலைவனாகிவிட்டாய் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அந்தக் கடை. 'ஏழு மாடி' என்ற விளையாட்டுக்கு எங்கள் குழு இலவசமாகக் கொடுத்துவரும் பேட்ச், அதாவது ஆட்டத்தின் கோளாறைச் சரிசெய்கிற சின்ன நிரல், அனுமதியில்லாதது, உடனே எடுக்காவிட்டால் சட்டப்படி நடவடிக்கை என்று அதில் மிரட்டியிருந்தது. யாருக்கு என்ற இடத்தில் 'கதவுக்காரி' என்று இருந்தது. அடியில் உன் பெயர் இருந்தது, நான் ஆசையாக வைத்த பெயர், முதலெழுத்து உன் அப்பாவுடையது. கண் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், கண்ணுக்கு மருந்து ஊற்றி மசமசவென்று இருக்கிறவர்கள்கூட என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். உனக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும் யாரோ நீட்டியதில் போட்டுவிட்டாய். கதவுக்காரி யார் என்று ஒரு நிமிஷம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். நான்தான்.

உனக்கு ஒன்றுமே தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். வேலைக்காகக் கிளம்பியபோது உன் அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லிவிட்டுப் போனாய். மேசை மொட்டையாக இருக்குமே என்று நான் போடவில்லை. ஒருநாள் துடைக்கும்போது ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தேன், 'ஏழு மாடி' அப்படியே இருந்தது. ஒரு கட்டடம், ஒரு லிஃப்ட், சாவியைத் தொலைத்துவிட்டு நிற்கிற குடியிருப்புக்காரர்கள், அவர்களை ஒவ்வொருவராக அவரவர் மாடியில் கொண்டுபோய் விட வேண்டும். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க செய்கிற வேலைதான், ஆனால் இங்கே யாரும் என்னைத் திட்டுவதில்லை. பிடித்துப்போயிற்று. ஆறாவது மாடியில் மாட்டிக்கொண்டு இணையத்தில் வழி தேடியபோதுதான், இதை இன்னும் விடாமல் விளையாடுகிறவர்களின் இந்தக் குழு கிடைத்தது. அங்கே எல்லோரும் ஒரே புலம்பல். புதுக் கம்ப்யூட்டர்கள் போகிற வேகத்தில் லிஃப்ட் கதவு திறந்ததும் மூடிவிடுகிறது, காலை எடுத்து வைக்கவே நேரமில்லை, முதல் மாடியோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. பழைய பெட்டியில் கதவு எப்படி நடந்துகொண்டது என்று காட்ட யாரிடமும் ஓடுகிற பெட்டி இல்லை. என்னிடம் இருந்தது. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். குழுவில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், நாங்கள் வாத்தியார் என்றே கூப்பிடுவோம், அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அதே வேகத்தில் கதவு ஓடும்படி அவர்தான் பேட்ச் எழுதினார். அன்றிலிருந்து நான் கதவுக்காரி.

அதற்கப்புறம் நடந்ததையும் கேள், உனக்குத்தான் இது ரொம்ப முக்கியம். யாரோ பரணிலிருந்து ஒரு பழைய வீடியோ கேசட்டைக் கிளறி எடுத்தார்கள், அந்தக் காலத்தில் இந்த விளையாட்டைக் கடைகளில் போட்டுக்காட்ட எடுத்தது. அதில் கதவு என் கதவைவிட வெடுக்கென்று மூடிக்கொண்டது. நான் ஏதோ பித்தலாட்டம் பண்ணியதுபோல ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். முன்பக்கம் வேகத்தைக் கூட்டுகிற பொத்தான் ஒன்று உண்டே, டர்போ என்று எழுதியிருக்கும், அதன் சந்தில் உடைந்த பென்சில் முனை ஒன்று செருகிக்கிடந்தது. எவன் வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. பொத்தான் உள்ளே போகவே இல்லை, அந்தப் பெட்டி ஒருநாளும் முழு வேகத்தில் ஓடியதே இல்லை. நீ சின்ன வயதில் விளையாடியது முழுக்க மெதுவான ஆட்டம். விஷயம் தெரிந்ததும் குழுவே இரண்டுபட்டது. திருத்து என்று ஒரு கட்சி, இருக்கட்டும் என்று ஒரு கட்சி, ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாத குறை. கடைசியில் ஓட்டெடுத்து என் கதவையே வைத்துக்கொண்டோம், விரல் மடங்காதவர்களும் வயதானவர்களும் அதில்தான் ஏற முடிகிறது என்பதால். ஆக, இந்த உலகத்தில் அந்தக் கதவு அப்படி நிதானமாகத் திறப்பது இரண்டே இடத்தில்தான், ஒன்று உன் அறையில், இன்னொன்று எங்கள் பேட்ச்சில்.

இனி உன் கடைக்கு நாங்கள் செய்ததைச் சொல்லட்டுமா. எந்தப் பழைய விளையாட்டு வேண்டும் என்று ஓட்டுப் போட உங்கள் கடையில் ஒரு பக்கம் வைத்திருக்கிறீர்கள். 'ஏழு மாடி' அதில் அடியிலே கிடந்தது. நாங்கள் ஒவ்வொருவரும் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரையும் பிடித்து ஓட்டுப் போடவைத்தோம், ஆஸ்பத்திரியில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்களைக்கூட நான் விடவில்லை. உரிமை யாரிடம் இருக்கிறது என்று தெரியாததால் வெளியிட முடியாது என்று கை விரித்தீர்கள். அதை உருவாக்கிய கம்பெனி மூடி எத்தனையோ காலம் ஆயிற்று, முதலாளியும் உயிரோடு இல்லை. எங்கள் குழுவில் வீட்டுத் தரகர் ஒருவர் இருக்கிறார், எந்தச் சொத்தில் யாருக்குப் பங்கு என்று தோண்டுவதே அவர் பிழைப்பு. அவர் விடாமல் தேடி அந்த முதலாளியின் அக்காவைக் கண்டுபிடித்தார். ஜன்னல் திரை தைத்து விற்கிற கடை வைத்திருக்கிறார் அந்தம்மா. தம்பி பொழுதைப் போக்க ஏதோ செய்தான் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். இத்தனை பேர் இன்னும் அதை விளையாடுகிறார்கள் என்று நான்தான் போனில் சொன்னேன், அவர் அழுதுவிட்டார், அப்புறம்தான் உங்களுக்குக் கையெழுத்துப் போட்டார். விளையாட்டோடு வந்த கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கொடுத்தோம், அதில் நீ சின்ன வயதில் கிறுக்கியிருந்த மீசைகளை நான் ரப்பரால் அழித்துக் கொடுத்தேன். எங்கள் பேட்ச்சை எந்தெந்தக் கம்ப்யூட்டரில் போட்டால் எங்கே சிக்குகிறது என்று ஆளுக்கொரு பெட்டியில் ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்தோம். இதெல்லாம் உங்கள் ஆட்கள் இனிக்க இனிக்கப் பேசிக் கேட்டு வாங்கிக்கொண்டவை. நாங்கள் கேட்டது ஒன்றுதான், உழைத்தவர்கள் பெயரை எங்காவது ஓரமாகப் போடுங்கள் என்று.

விளையாட்டு வெளிவந்த அன்றே வாங்கினேன். பெயர்கள் எங்கே என்று தேடினேன், இல்லை. 'எங்கள் திறமையான குழுவினர் அசலிலிருந்தே முழுமையாகப் புதுப்பித்தார்கள்' என்று உங்கள் கடையின் அறிவிப்பு மட்டும் பளபளவென்று இருந்தது. சரி, ஒருவேளை உண்மையாகவே செய்திருப்பார்களோ என்று ஓட்டிப் பார்த்தேன். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, நிதானமாக நின்றது, மூடியது. அசலிலிருந்து எடுத்திருந்தால் வெடுக்கென்று மூடியிருக்க வேண்டும். உன் பென்சில் முனை உங்கள் கடை விளையாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எடுத்ததும் இல்லாமல், எடுத்த இடத்தையே மூடச் சொல்லி மிரட்டல் வேறு. சட்டம் உங்கள் பக்கம் என்பாய், இருக்கட்டும், அந்த உரிமையை உங்கள் கையில் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று கேட்டால் என்ன சொல்வாய்.

இதற்கு மேல்தான் உன் போன் வந்தது. அதிசயமாக நீயே கூப்பிட்டாய், என் முழங்கால் எப்படி இருக்கிறது என்றாய், நானும் உருகிப்போய் விவரமாகச் சொன்னேன். அப்புறம் மெல்ல ஆரம்பித்தாய். கடையில் பெரிய தலைவலி, கடைசி மாடிக்குப் போனால் ஆட்டம் உறைந்துவிடுகிறது, வாங்கினவர்கள் காசைத் திருப்பிக் கேட்டுக் கத்துகிறார்கள், "இது சரியாகலேன்னா என் தலையிலதாம்மா விடியும்" என்றாய். அந்தப் பழைய பெட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாய். அதோடு சும்மா இருந்திருக்கலாம். "கதவு நம்ம வீட்டுப் பொட்டியில திறக்கிற மாதிரியே திறக்குதும்மா, பார்க்கவே ஆச்சரியமா இருக்கு" என்றும் சொன்னாய். பெட்டி எங்கே கிடக்கிறதோ பார்க்க வேண்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை. மிரட்டல் மெயில்கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. நம் வீட்டுக் கதவை நீ அடையாளம் கண்டுகொண்டாய், ஆனால் அது எப்படி அங்கே வந்தது என்று உனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கடைசி மாடியில் உறைவது எங்களுக்கு எப்போதோ தெரியும். நீங்கள் எடுத்துக்கொண்டது எங்கள் பழைய பேட்ச், அதற்கப்புறம் வாத்தியார் அதைச் சரிசெய்து புதியது எழுதிவிட்டார், நீங்கள்தான் வாசலை அடைத்துக்கொண்டீர்கள். அதைக் கடைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று குழுவில் பேச்சு வந்தது. நாறட்டும் விடு என்பவர்களே அதிகம். நான் மறைக்கவில்லை, அந்த மெயிலில் இருக்கும் பெயர் என் மகனுடையது, அவன் வேலைக்கு ஆபத்து வந்திருக்கிறது என்று எழுதிவிட்டேன். தரகர்தான் முதலில், "பெத்தவங்க நீங்க சொல்லுங்க, கொடுத்துடலாம்" என்றார். வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மாவைக் கேட்டா அம்மா மன்னிச்சிடுவாங்க, நாம கதவுக்காரியைத்தான் கேக்கணும்" என்றார். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. ஆனால் கதவுக்காரிக்குள் அம்மாவும் உட்கார்ந்திருக்கிறாளே, அதனால் ஓட்டில் நான் கலந்துகொள்ளவில்லை, முடிவை மட்டும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னேன். புதிய பேட்ச்சைக் கொடுப்பது என்று முடிவாகியிருக்கிறது, உங்களுக்காக இல்லை, வாங்கி ஏமாந்தவர்களுக்காக. ஆனால் எல்லோர் பெயரும் விளையாட்டுக்குள்ளேயே வர வேண்டும், அந்தத் திரைக்கடை அம்மாவின் தம்பி பெயருக்கு அடுத்து. மிரட்டலில் கையெழுத்துப் போட்டவனே மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும், தன் கையால், கதவுக்காரிக்கு. உன் மேலதிகாரி எழுதினால் செல்லாது.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பையன் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்று இரண்டு நாளாக என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார், உன்னிடம் நல்லவர் என்று பெயர் வாங்க ஆசை. சமைத்து வைக்கிறேன், பேச்சில்லை. ஆபரேஷன் செய்த கண் இப்போது நன்றாகத் தெரிகிறது, அந்தக் கண்ணால் என்னை முறைக்கிறார். உன் இருமல் போயிற்றா, போனில் நடுநடுவே கேட்டது. அந்த ஊர் குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே, டீயையே சாப்பாடு என்று நினைத்து ஓட்டாதே. மருமகள் சொன்னால் ஒரு தடவையாவது கேள், அவளாவது கட்டைவிரலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்காதவள் என்று நம்புகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும், இந்த ஆசீர்வாதம் எந்தக் கோபத்திலும் குறையாது. மன்னிப்பு அப்படியில்லை, அதற்கு வரிசையில் வா. மகன் என்று சொல்லிக்கொண்டு பக்கவாட்டில் நுழையப் பார்க்காதே, அப்படி வருகிறவர்களை என் மேசையில் நான் எப்படி நிறுத்துவேன் என்று உனக்குத் தெரியும். அம்மாவுக்கு போன் போட்டு அழுதும் பிரயோஜனமில்லை, அம்மாவுக்கு இதில் ஓட்டு இல்லை. பெட்டி உன் மேசையில் பத்திரமாக இருக்கிறது, பென்சில் முனையையும் எடுக்கவில்லை. எழுதுவதற்குமுன் உங்கள் விளையாட்டை ஒரு தடவை திறந்து, லிஃப்டில் ஏறாமல், கதவு மூடும்வரை சும்மா நின்று பார். யார் வீடு என்று தெரிகிறதா பார்.

இப்படிக்கு,
கதவுக்காரி