மேலே ஏறும் டாமியின் இரைப்பை

இன்று காலை என் புடவைத் தோளில் புளித்த வாடை. டாமி மறுபடியும் கக்கிவிட்டான். உடனே உங்கள் ஞாபகம், எதிர்வீட்டம்மா.

இந்த வாடைக்காகத்தான் உங்களோடு பேச்சை நிறுத்தினேன். மார்கழியில் விடியுமுன் எழுந்து நான் போட்ட தேர்க்கோலத்தின் நடுவில், உங்கள் சப்பைமூக்கு நாய் டாமி தயிர்சாதத்தைக் கக்கிவைத்தது. வாளித் தண்ணீரோடு ஓடி வந்தீர்கள்.

"அவனுக்கு ஒடம்பு சரியில்லக்கா. வேணும்னு பண்ணல."

"சோறு வெக்கத் தெரியாதவங்களுக்கு நாய் எதுக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

நான் எதையும் மறக்கிற ஜென்மம் இல்லை. அதன்பின் ஏரிக்கரையில் எதிரே நடந்து வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டாமியின் முன்கால்களை மாடிப்படியில் ஏற்றி நிறுத்தி, நீங்கள் சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டுவீர்கள். "மகாராஜா சாப்புடறாரு பாரு" என்று மருமகளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஊருக்குப் பயந்துதான் உங்கள் காரியத்துக்கு வந்தேன். உங்கள் மகன் டாமியின் சங்கிலியை என் கையில் கொடுத்தான். "பெங்களூர் ஃபிளாட்ல நாய் கூடாதுங்கறாங்க ஆன்ட்டி. அம்மாவுக்கு இந்தத் தெருவுல உங்கள விட்டா யாரு?" நமக்குள் பேச்சில்லை என்பதை அவனிடம் நீங்கள் சொல்லவே இல்லை. கூசிப்போய் வாங்கிக்கொண்டேன்.

உங்களை நினைத்துப் பட்டினி கிடக்கிறானே என்று, காரியச் சாப்பாட்டை வடை பாயசத்தோடு பெரிய தட்டில் தரையில் வைத்தேன். அவன் வயிறு நிறைந்தால் உங்களுக்குப் போய்ச் சேரும் என்று ஓர் எண்ணம். தின்றதெல்லாம் மேலே வந்தது. மூச்சு முட்டி நாக்கு நீலமானது. ஆட்டோ பிடித்துத் தாம்பரத்து நாய் டாக்டரிடம் ஓடினேன்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர் பெண், "ஹெர்னியா பாட்டி" என்றாள்.

"அது கீழதானே எறங்கும்? எங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான்."

"இது மேல ஏறுது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு சதைத்திரை இருக்கு. சாப்பாட்டுக் குழாய் எறங்கற ஓட்டை அதுல லூசா இருக்கு. இரைப்பை அது வழியா நெஞ்சுக்குள்ள வழுக்கிடுது. அதான் புளிச்சு வருது. சப்பைமூக்கு நாய்ங்களுக்கு இது அதிகம். மாத்திரை தரேன். கொஞ்சம் கொஞ்சமா, ஒசரத்துல வெச்சுக் குடுங்க. அப்புறம் தோள்ல நிமித்திப் புடிங்க. அடங்கலன்னா ஆபரேஷன்தான்."

பிறகு கேட்டாள்: "இதுவரைக்கும் யாரு பாத்துக்கிட்டாங்க? எவ்ளோ பக்குவமா வளத்திருக்காங்க."

"என் சிநேகிதி" என்றேன்.

சொன்ன வாய் கூசியது. திருத்திச் சொல்லவும் மனம் வரவில்லை. இப்போது யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும், உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட பொருள்போல அந்த வார்த்தை என்னைக் கூச வைக்கிறது.