புதன் மருந்து, ஞாயிறு மருந்து

3 ஜூன், திங்கள்

வாலுவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் குரல் உயருகிறது, எழுதிக்கொள்வோம் என்று பிரிந்தபோது நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் அவள் பள்ளிப் பையிலேயே இதை வைக்கிறேன்.

நீச்சல் வகுப்புக்கு உடல்தகுதிச் சான்று கேட்டார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் டி ரொம்பக் குறைவாம். பதற வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. படிக்கட்டை இரண்டிரண்டாகத் தாண்டுகிற பிள்ளைக்கு என்ன குறை? பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் எலும்பு வளர்கிற வயதில் விட்டுவிடக் கூடாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து குளிப்பாட்டும்போதெல்லாம் கால் வளைகிறதா என்று பார்க்கிறேன்.

வாரம் ஒரு பாக்கெட் பொடி, பாலில் கலந்து, எட்டு வாரம். புதன்தோறும் நான் கொடுத்துவிடுவேன். மருந்துச் சீட்டின் நகலும் இதோடு இருக்கிறது. சனி ஞாயிறு உங்களிடம் இருக்கும்போது வெயிலில் விளையாட விடுங்கள், அது போதும்.

வாலுவின் அம்மா


9 ஜூன், ஞாயிறு

வாலுவின் அம்மாவுக்கு,

படித்ததிலிருந்து வேலையில் மனம் ஓடவில்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

குறை எப்படி வந்தது என்று யோசித்தாயா? உன் வீட்டில் பகலிலும் விளக்கு எரிகிறது. பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திவிடுகிறாய். இங்கே காலை முழுக்க மொட்டை மாடியில் பந்து விளையாடினாள்.

மருந்தை மறந்துவிடாதே. தையல் மெஷினில் உட்கார்ந்தால் உனக்கு நாளும் கிழமையும் தெரியாது.

வாலுவின் அப்பா


11 ஜூலை, வியாழன்

வாலுவின் அப்பாவுக்கு,

நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. இதை உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன்.

பத்து நாளாக அவளுக்குப் பசியில்லை. தண்ணீர் தண்ணீர் என்று குடித்துக்கொண்டே இருக்கிறாள். இன்று வகுப்பில் வாந்தி. டாக்டரிடம் போனில் சொன்னதும், வாரம் ஒன்றுதானே கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சத்தியமாக என்றேன். பக்கத்தில் நின்றவள் என் புடவையை இழுத்து மெதுவாகக் கேட்டாள்: "அப்பா வீட்ல ஞாயித்துக்கிழமை குடிக்கறதையும் சேத்துச் சொல்லணுமாம்மா?"

ஆம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்லுங்கள். எத்தனை பாக்கெட் என்றும் சொல்லுங்கள்.

வாலுவின் அம்மா


11 ஜூலை, மாலை

வாலுவின் அம்மாவுக்கு,

ஆம். ஐந்து. டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

நீ மறந்துவிடுவாய் என்று சீட்டைக் காட்டி நானும் வாங்கினேன். இது பாதி உண்மைதான். அம்மா புதன்கிழமையே கொடுத்தாச்சு என்று முதல் ஞாயிறே அவள் சொன்னாள். சத்து மருந்துதானே, கூடினால் நல்லதுதான் என்று நினைத்தேன். "இது அப்பா மருந்து, அம்மாகிட்ட சொல்ல வேணாம்" என்று சொல்லிக் கொடுத்தேன். குறையை நான் சரிசெய்தேன் என்று ஒருநாள் உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆஸ்பத்திரி வரை வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் மடியில் படுத்திருந்தாள். கதவு வரை வந்து திரும்பிவிட்டேன். இதை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

வாலுவின் அப்பா


13 ஜூலை, சனி

வாலுவின் அப்பாவுக்கு,

ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறது. சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்தை நிறுத்தியாயிற்று. மறுபடி பார்க்கும்வரை முழுசாக நிம்மதி இல்லை. இன்று அரை இட்லி சாப்பிட்டாள்.

ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தால் சீக்கிரம் சரியாகுமோ என்று எனக்கும் ஒருநாள் தோன்றியது. அதனால் மருந்துக்காக உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. ஆனால் வயிறு புரட்டிய பத்து நாளும் ஆறு வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஏன்டி சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீ அப்பாவைத் திட்டுவ, அப்புறம் அப்பா வீட்டுக்கு அனுப்ப மாட்டே" என்றாள். அதில் பாதி என் தப்பு.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். நீங்கள் வந்து அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். அம்மாவிடம் எதையும் சொல்லலாம் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் எத்தனை தரம் சொன்னாலும், அப்பாவைக் கேட்டுட்டுச் சொல்றேன் என்கிறாள்.

வாலுவின் அம்மா