சுவரைப் பார்க்கும் படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? டெல்ஃப்டில் எசமான் வீட்டில் நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

என் யோரிஸ் போய்விட்டான் என்று உன் கடிதம் வந்ததும், சாவு விழுந்தால் நம் ஊரில் செய்வதுபோல இங்கே கூடத்துப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். நான் ஆப்பிள் தோல் சீவுவதாக எசமான் வரைந்த படம்தான் அது.

"செத்தது உன் பிள்ளை. என் வீட்டுப் படம் எதுக்குடி முதுகு காட்டணும்?" என்று எசமான் அதை நேராக்கிவிட்டார். படம் வாங்க வந்தவரிடம், "இவ முகத்துல என்ன நிம்மதி பாருங்க" என்றார். அந்த நிம்மதிக்காரிக்குப் பக்கத்திலேயே நான் பீர் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

யோரிஸின் கம்பளித் தொப்பியைத் துவைக்காமல் அனுப்பு.

எசமான் படியேறுகிற சத்தம் கேட்கிறது. படத்தை மறுபடியும் திருப்பி வைத்திருக்கிறேன். வந்து பார்க்கட்டும்.

உன் மகள்,
ஹில்லே