சிவக்காத தக்காளி

நங்கையா,

இன்று காலை சாம்பாருக்காகக் கொல்லைச் செடியிலிருந்து நாலு தக்காளி பறித்தேன். நானே விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, இந்தக் கோடை வெயிலில் செடியிலேயே கனிய விட்டவை. கைக்கு மெத்தென்று இருந்தன. நிறம் மட்டும் மஞ்சள். வெட்டினால் உள்ளேயும் அதே வெளிறல். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

எலப்புள்ளிக்குக் கல்யாணமாகி வந்த புதிதில், என் கணவருக்கு அக்கா, எனக்கு நங்கையாவான நீங்கள்தான் எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுச் சமைத்துப் போட்டீர்கள். என்னைக் 'கண்ணு' என்றே கூப்பிடுவீர்கள்.

பிறகு ஒரு கோடையில் நான் காய்கறிச் சந்தையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். நீங்கள் கொண்டுவந்த பெட்டிகளைத் திறந்தால் எல்லாம் மஞ்சள். எடை போடுகிறவர் சிரித்தார். "மேடத்தோட நங்கையா சரக்குங்க. பாக்காமயே பாஸ்தான்."

அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் குரலை உயர்த்தினேன். "கார்பைட் கல்லு வெச்சுப் பழுக்க வெச்சதுதானே? எடுத்துட்டுப் போங்க."

"செடியிலயே பழுத்தது கண்ணு. வெயிலு சிவக்க உட மாட்டீங்குது. ருசியுமே இல்ல, சத்து எங்கிருந்து வரும்?"

தாவரவியல் படித்தவள் நான். சூடு மிஞ்சினால் தக்காளியில் சிவப்பு ஊறாது, அந்தச் சிவப்பும் அதன் சத்துதான் என்று பாடத்தில் படித்தது அந்த நிமிஷமே நினைவுக்கு வந்தது. சொன்னால் சொந்தக்காரிக்குச் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

"சரிங்க மேடம்" என்று பெட்டிகளை நீங்களே தூக்கிக்கொண்டு போனீர்கள். பிறகு எந்த விசேஷத்தில் பார்த்தாலும் 'கண்ணு' போய், எனக்கு அந்த 'ங்க'தான். மன்னிப்புக் கேட்க நல்ல சமயம் வரட்டும் என்று நானும் தள்ளிப் போட்டேன். போன ஐப்பசியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று சந்தைக்குப் போய், பழைய எடைக்காரரைத் தேடிப் பிடித்தேன். கடும் வெயிலில் தக்காளி இப்படித்தான் ஆகும், அன்று வந்ததும் அப்படிப்பட்டதுதான் என்று விளக்கினேன். யோசித்துப் பார்த்தார்.

"ஆருங்க, அந்தக் கல்லு வெக்கிற அம்மாவா?"

உங்கள் பெயர் அவருக்கு மறந்துவிட்டது. நான் வைத்த பெயர் மறக்கவில்லை.

"அவங்க கல்லு வெக்கல" என்றேன். தலையாட்டிவிட்டு, "உங்களுக்கும் அன்னிக்கு எப்படிங்க தெரியும், பாவம்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

அன்றே தெரியும் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமல் திரும்பி வந்து, உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.