இல்லாத சாவிக்கு நீ வைத்த வழி

இன்று காலை கணினியைத் திறந்ததும் ஒரு செய்தி. நீ எழுதிய நிரல் நூலகத்தின் வசதிகள் எல்லாம் நிரல்மொழியின் புதிய பதிப்பிலேயே வந்துவிட்டனவாம். இனி இது தேவையா, மூடிவிடலாமா என்று முகம் தெரியாத ஒருவர் கேட்டிருக்கிறார். நீ போன பிறகு அதற்கு நான்தான் பொறுப்பு.

ஜொகூர் பாரு அலுவலகத்தில் நாம் சேர்ந்த புதிதில், தொழிற்சாலை நுழைவு அட்டைகளை அச்சடிக்கும் நிரல் நம் தலையில் விழுந்தது. வெளிநாட்டில் எழுதியது. ஒவ்வொரு ஆளின் விவரமும் சாவியும் மதிப்புமாக, அதாவது ஒரு தலைப்பும் அதற்கான விடையுமாக, இருக்கும். 'குடும்பப் பெயர்' என்ற சாவியைக் கொடுத்தால் பெயர் வரவேண்டும். மலேசியச் சீனர்களுக்கு வந்தது. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? சாவியைக் காணாமல் நிரல் படுத்துவிட்டது. அட்டையில்லாமல் வாசலில் நின்றவர்களில் சாஆ என்ற ஊரிலிருந்து வேலைக்கு வந்த உன் மாமாவும் ஒருவர்.

"அலமாக்! இல்லன்னா அப்பா பேர எடுத்துக்க வேண்டியதுதானே? இதுக்குப் போயி ஏன் செத்து விழுது?" என்று கத்தினாய். மாலைக்குள் எழுதியும் விட்டாய்: கேட்ட சாவி இல்லையென்றால் அடுத்த சாவியைத் தேடிப் போகும் ஒரு சின்ன வசதி. இரண்டு தொகுப்பை ஒன்றாக்க, வேண்டாததை உதற என்று பிறகு இன்னும் சில சேர்ந்தன. எல்லாவற்றையும் நூலகமாக்கி, யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று ஊருக்கே திறந்துவிட்டாய்.

ஒவ்வொன்றையும் முடித்ததும் என் மேசைக்கு வருவாய்.

"நல்லாருக்கா?"

"வேலை செய்யுது லா."

எப்போதும் இதுதான் என் பதில். கேலி நம் வழக்கம். நீயும் சிரித்துக்கொண்டே போவாய். ஆனாலும் அடுத்த முறையும் அதையேதான் கேட்டாய். மருத்துவமனைக் கட்டிலில்கூட மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் கேட்டாய். வேறு எதையாவது சொன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்து, அன்றும் அதையே சொன்னேன். நீ கேட்டது அதுதான் கடைசி. நினைக்க நினைக்க மனம் ஆறவில்லையடா.

மதியம் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான், ஒன்றைத் தவிர. சாவி இல்லையென்றால் மொழி இப்போது வெறுமையைத் தருகிறது. அப்பா பெயரைத் தேடிப் போவதில்லை. மற்றவற்றை நீக்கிவிட்டு, அந்த ஒன்றுக்காக நூலகத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன். ஏன் நீக்கவில்லை என்று குறிப்பு எழுதும் இடத்தில், தமிழிலேயே எழுதினேன்: "நல்லாருக்குடா."