ஆறு மணி அளவு

கார்த்திகை 3, சனி.

ஐந்து இடங்களில் மழையையும் ஆற்றையும் அளந்து எங்கள் அலுவலகத்துக்குப் போனில் சொல்கிறார்கள். வெள்ளம் வருமா என்று அதை வைத்துத்தான் நாங்கள் கணிக்கிறோம். இன்று மூன்று மணிக்குச் சைதாப்பேட்டைப் பாலத்தில் சோதனைக்குப் போனேன். அங்கே அளவு பார்க்கும் முனுசாமியின் நோட்டில் மாலை ஆறு மணிக்கான அளவு அப்போதே எழுதியிருந்தது. ஏழரை அடி.

“மழைல எத்தினி தபா சார் எறங்கி ஏறுறது? காலைலயே குத்துமதிப்பா போட்டு வச்சிட்டேன்.”

கத்தினேன். அந்த வரியை அடித்துவிட்டு, ஆறு மணிவரை குடையோடு நானே அங்கு நின்றேன். ஆறு மணிக்குத் தண்ணீர் சரியாக ஏழரை அடியில் நின்றது.

நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நாளைக் காலை ஆறு மணிக்குப் பதினான்கு அடி. ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோலே பன்னிரண்டு அடிதான்.

“இதுவும் குத்துமதிப்புதானா?”

முனுசாமி ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “கை போன போக்குல எழுதினது சார். எழுதிட்டுப் பார்த்தா ஒரு மாதிரி இருந்திச்சு. பொண்டாட்டி புள்ளைங்கள மாம்பலத்துக்கு அனுப்பிட்டேன்.”

அலுவலகம் திரும்பி, ‘ஏழரை அடி, அபாயமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அளக்காத அளவை எப்படி எழுதுவது? பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது கரையோரக் குடிசைகளில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

மழை விட்டுவிட்டது. எங்கள் தெருவில் தவளைச் சத்தம்கூட இல்லை.

கீழ் அலமாரியில் இருந்ததையெல்லாம் பரண்மேல் ஏற்றினேன். ஏன் என்று கமலா கேட்டாள். கரையான் என்றேன்.